"207-ஆம் பக்கம் பார்க்கவும்": கையில் இல்லாத புத்தகத்தை நம்பி கோட் எழுதுபவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அல்சூர்க்காரன்

எங்கள் டீமில் பெர்ல் என்ற பழைய புரோகிராமிங் மொழி இன்னும் ஓடுகிறது. பெங்களூரில் சிப் டிசைன் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், டூல்களைக் கோர்த்து ஓட்டும் பழைய ஸ்கிரிப்ட்கள் ஏராளம் அதில்தான் இருக்கின்றன. எங்கள் கோடிங் ஸ்டாண்டர்டு ஆவணத்தைத் திறந்தால் ஒரே வரி: "பிபிபி-யைப் பின்பற்றவும்." அதாவது டேமியன் கான்வே எழுதி ஓ'ரெய்லி 2005-இல் வெளியிட்ட 'பெர்ல் பெஸ்ட் பிராக்டிசஸ்'. மொத்தம் 256 வழிகாட்டுதல்கள். அந்த நூலை அடியொற்றி எழுந்த, கோடைச் சோதித்துக் குறை சொல்லும் பெர்ல்கிரிட்டிக் என்ற டூல் எங்கள் பில்டில் இருக்கிறது. அது குறை கண்டால் அரை வரியில் சொல்லிவிட்டு, "பிபிபி 207-ஆம் பக்கம் பார்க்கவும்" என்று நிறுத்திக்கொள்ளும்.

புத்தகம் இருந்தால்தானே பக்கத்தைப் பார்ப்பது? சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டாயிற்று, புதுப் பிரதி இல்லை. அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக்காரர் "எந்த செமஸ்டர்?" என்று கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம் அங்கே எப்படி வந்து சேரும்! மின்நூலாகச் சந்தா கட்டிப் படிக்கலாம், ஆனால் இந்த ஒரு நூலுக்காக டீம் முழுக்கச் சந்தா எடுக்க ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை.

சேலத்திலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான்: "ஏன் அண்ணா, ஓப்பன்ல ரெண்டு ஆர்க்யுமென்ட் கொடுத்தாலும் ஓடுது, மூணு கொடுத்தாலும் ஓடுது. எதுக்குத் திட்டுது?" பக்கத்து சீட்டிலிருந்து வந்த பதில், "டூல் சொல்லுது, மாத்திடு." எனக்கு இந்தப் பதில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணம் ஒன்றும் பரம ரகசியம் இல்லையே. ஓப்பன் என்பது கோப்பைத் திறக்கும் கட்டளை. அதற்கு இரண்டே ஆர்க்யுமென்ட் கொடுத்தால், படிக்கவா எழுதவா என்பதையும் கோப்பின் பெயரிலிருந்தே பெர்ல் எடுத்துக்கொள்ளும். பெயர் '>' என்று தொடங்கினால், படிக்க நினைத்த கோப்பைக் காலி செய்துவிட்டு எழுதத் திறக்கும். பெயரின் கடைசியில் '|' இருந்தால் அதை ஒரு கமாண்டாகவே ஓட்டிவிடும். வெளியாள் கொடுக்கும் பெயரை இப்படித் திறந்தால் என்ன ஆகும் என்று காட்டியதும் அவன் முகமே மாறிவிட்டது. அன்றைக்கே மற்ற ஸ்கிரிப்ட்களையும் அவனாகவே தேடித் திருத்தினான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நூல் இன்சைடு-அவுட் ஆப்ஜெக்ட் முறையைப் பரிந்துரைத்தது. தரவு ஆப்ஜெக்டுக்குள் இருக்காது, வெளியே தனி ஹாஷ்களில் (பெயரைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் பட்டியல்களில்) இருக்கும். அடுத்த ஆண்டே, 2006-இல், கிளாஸ் எழுதுவதை எளிதாக்கும் மூஸ் என்ற பெர்ல் மாட்யூல் வந்தது. பெர்லில் கிளாஸ் எழுதும் பழக்கமே அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் பழைய கோடில் அந்த ஆப்ஜெக்ட்கள் அப்படியே கிடக்கின்றன. தரவை அச்சிட்டுக் காட்டும் டேட்டா டம்பர் மாட்யூலைப் போட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே தெரியாது. புதிதாக வருபவர்கள் தரவு தொலைந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். விதி நூலில் இருக்கிறது, நூல் கையில் இல்லை, காலமும் அதைத் தாண்டிப் போய்விட்டது. உங்கள் இடங்களில் எப்படி?

நெல்லைப்பொண்ணு

அண்ணா, நான் வண்டிகளுக்கான கன்ட்ரோலர் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு மிஸ்ரா-சி, அதாவது சி மொழியில் பாதுகாப்பாக எழுதுவதற்கான விதித் தொகுப்பு. பழைய ஃபைல் ஒன்றில் "விதி 82 விலக்கு" என்று ஒரு கமென்ட், அதற்குக் கீழே ஒரே ஃபங்ஷனில் வரிசையாக ரிட்டர்ன்கள் (ஃபங்ஷனை விட்டு வெளியேறும் வரிகள்). என்னிடம் இருப்பது 2012 பதிப்பு. அதில் 82 என்று ஒரு விதியே கிடையாது, எண் போடும் முறையே வேறு.

அந்த 82, 1998-இல் வந்த முதல் பதிப்பின் எண். அப்போது மொத்தம் 127 விதிகள். ஃபங்ஷனுக்கு வெளியேறும் வழி ஒன்றே இருக்க வேண்டும் என்பது 82, அதுவும் ஆலோசனை அளவில்தான். 2004 பதிப்பில் அது 14.7 ஆகி, கட்டாயம் ஆனது. ஐஇசி 61508 என்ற பாதுகாப்புத் தரநிலை கேட்கிறது என்பது அங்கே சொன்ன காரணம். 2012-இல் 15.5 ஆகி, மறுபடியும் ஆலோசனைக்கு இறங்கிவிட்டது. 1998 பிரதி எங்கள் ஆபீசில் யாரிடமும் இல்லை. பழைய ரிவ்யூ குறிப்புகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் இந்த வரலாற்றையே பிடித்தேன்.

ஆடிட்டர் வந்து "எந்த விதிக்கு விலக்கு, எதற்காக?" என்று கேட்டால் வெறும் எண்ணைக் காட்டி என்ன செய்வது? எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். இப்போது நான் விலக்கு எழுதினால் பதிப்பின் ஆண்டு, விதியின் சாரம், என் காரணம் மூன்றும் கமென்டிலேயே இருக்கும். நீளமாக இருக்கிறது என்று ரிவ்யூவில் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெயநகர் தாத்தா

நான் பொதுத்துறையில் ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் கெர்னிகனும் பிளாகரும் எழுதிய 'எலிமென்ட்ஸ் ஆஃப் புரோகிராமிங் ஸ்டைல்' என்ற சிறிய புத்தகம். 1974-இல் முதல் பதிப்பு, 1978-இல் இரண்டாவது. உதாரணங்கள் ஃபோர்ட்ரானிலும் பிஎல்/1 என்ற இன்னொரு மொழியிலும். அச்சில் வந்த பாடநூல்களிலிருந்தே கோடை எடுத்து, அதில் என்ன கோளாறு என்று காட்டி, திருத்தி எழுதியிருப்பார்கள். செக்ஷனுக்கு ஒரே பிரதி, கைமாறிக்கொண்டே இருக்கும். விதிகளை யாரும் மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் கோளாறும் திருத்தமும் அடுத்தடுத்து இருந்ததால் மனதில் நின்றன. தம்பி, நீங்கள் சேலத்துப் பையனுக்குக் காட்டியதும் அதுதான். அதை எழுதி வையுங்கள்.

அல்சூர்க்காரன்

நன்றி ஐயா, தொடங்கிவிட்டோம். பெர்ல்கிரிட்டிக்கை வெர்போஸ் 11 என்ற விரிவான அமைப்பில் ஓட்டினால் பக்க எண்ணோடு நிற்காமல் ஒவ்வொரு விதிக்கும் உள்ள விளக்கத்தையும் காட்டும். பில்டில் அதை மாற்றிவிட்டேன். அது போதாத இடத்தில், எங்கள் கோடிலிருந்தே ஒரு கோளாறும் அதன் திருத்தமும் கிட்டில் (எங்கள் கோட் சேமிப்பகத்தில்) சேர்க்கிறோம். முதலில் தீவிரம் 5, அதாவது டூல் மிகக் கடுமையானவை என்று சொல்பவை மட்டும். இன்சைடு-அவுட் ஆப்ஜெக்டுக்கு "புதிதாக எழுதாதே, பழையதைப் படிப்பது இப்படி" என்று தனிப் பக்கம். அந்தப் பக்கத்தை எழுதுவது சேலத்துத் தம்பி.