ரெக்கார்டு அண்ணாச்சியோடு பழகியவர்கள் எழுதுங்கள்

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர்களுக்கும் ரெக்கார்டு கடைக்காரர்களுக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. அறுபதுகளில் இசைத்தட்டு கம்பெனியில் பிரதிநிதியாகச் சேர்ந்து, கேசட் காலம் முடியும் வரை ஊர் ஊராகப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். எல்லாருக்கும் ரெக்கார்டு அண்ணாச்சி. போன வாரம் பாளையங்கோட்டையில் காலமாகிவிட்டார். பாடியவரைத் தெரியும், எழுதியவரைத் தெரியும். அந்தப் பாட்டு நம் ஊர்ப் பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வரைக்கும் யார் கையால் வந்தது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழகியவர்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள். சின்ன விஷயமானாலும் சரி.

சாத்தான்குளம் பக்கம், மைக்செட் குடும்பம்

அப்பா மைக்செட் தொழில் செய்தவர். பங்குனி பிறந்துவிட்டால் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை ரெக்கார்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். அண்ணாச்சி அதற்கு முன்னாலேயே வந்துவிடுவார். தோளில் கித்தான் பை, உள்ளே அட்டைகளுக்கு நடுவே சாம்பிள் தட்டுகள். வந்ததும் புதுசை எடுத்து நீட்ட மாட்டார். "முதல்ல உங்க பழைய பெட்டியத் திறங்க" என்பார்.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய 78 தட்டு அரக்கில் செய்தது. பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே ஓடும், அவ்வளவுதான். ஊசி ஓட ஓடக் கோடுகள் தேய்ந்து, கருப்பு வெளிறிச் சாம்பல் பூத்துவிடும். அண்ணாச்சி ஒவ்வொரு தட்டாக எடுத்து, விளிம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, வாசல் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் சாம்பல் பூத்திருக்கிறதோ அந்தப் பாட்டைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இதுதான் ஓடும் என்று கம்பெனி சொல்லி அனுப்பிய பாட்டு பல தடவை பளபளவென்று புதுசாகவே இருக்கும். மறுபக்கம் தேய்ந்து கிடக்கும். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சென்னை ஆபீசில் அந்த நோட்டை யாராவது படித்தார்களோ என்னவோ, எங்கள் ஊர்க் கொடையில் எந்தப் பாட்டு எடுபடும் என்று அவர் சொன்னால் அப்பா மறுபேச்சு பேச மாட்டார்.

கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்த சரக்கு அத்தனை தூரம் வந்து சேர வேண்டும். வழியில் தட்டு மயிரிழை விரிசல் விட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது. சந்தையில் பானை வாங்குகிற பாட்டி மாதிரி அவர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுப்பார். கணீரென்றால் நல்ல தட்டு. சத்தம் மொட்டையாக வந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவார். விரிசல் தட்டை ஒருநாளும் எங்கள் தலையில் கட்டியதில்லை.

ஊசி விஷயத்தில் மட்டும் அப்பாவோடு சண்டை. எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும்; அப்பா சிக்கனம் பார்த்து ஒரே ஊசியை நாலைந்து பாட்டுக்கு ஓட்டுவார். அண்ணாச்சி தன் பையிலிருந்து ஒரு ஊசி டப்பாவை எடுத்து ஆம்ப்ளிஃபையர் மேல் வைப்பார். "ஊசி நான் தாரேன். தட்டக் கொல்லாதீங்க." காசு வாங்கியதே இல்லை.

தூத்துக்குடி

எங்கள் ஊரில் சென்னை வானொலியைவிட இலங்கை தெளிவாகக் கேட்கும். 1952-இல் கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கியது, ஜனங்கள் கொழும்புப் பக்கம் காதைத் திருப்பினார்கள். 1957-இல் ஆல் இந்தியா ரேடியோவின் பாட்டுச் சேவையான விவித்பாரதி வந்த பிறகும் எங்களுக்கு இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும், பிற்பாடு கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும்தான். அண்ணாச்சி தூத்துக்குடி வந்தால் காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' நேரத்துக்கு என் மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எந்தப் பாட்டுக்கு யார் "கொஞ்சம் சத்தம் கூட்டுங்க" என்று கேட்கிறார்கள் என்று பார்ப்பார். அப்புறம் நேராக ரெக்கார்டு கடைக்குப் போய், இன்றைக்கு இதைக் கேட்டு ஆள் வரும், எடுத்து முன்னால் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். பெரும்பாலும் ஆள் வந்துவிடும்.

காயல்பட்டினம்

சினிமாப் பாட்டு ரெக்கார்டை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்பார் அவர். "அதுக்குப் படமே விளம்பரம். பக்திப் பாட்டுக்கு நான்தான் போஸ்டர்." நாகூர் ஹனீபா பாட்டு வந்ததும் முதலில் எங்கள் ஊருக்குத்தான் எடுத்து வருவார். பள்ளிவாசலில் தொழுகை முடியும் வரை தெருமுனையில் நின்றிருப்பார். அதற்கு முன் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' கல்யாண வீடுகளில் ஒலித்த காலத்தில், அது அவர் மதத்துப் பாட்டு இல்லையே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தார். இதே மனிதர் ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளோடு கோயில் கோயிலாகப் போவார் என்றும், மைக்செட்டில் முதல் பாட்டாகச் சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' இல்லாத பெட்டியைப் பார்த்தால் அன்றைக்கே வாங்க வைத்துவிடுவார் என்றும் பின்னால்தான் தெரிந்தது.

திருநெல்வேலி ஜங்ஷன், முன்னாள் ரெக்கார்டு கடை

நான் ஒரு மனத்தாங்கலையும் எழுதுகிறேன். அவரும் இதை ஒளிக்க மாட்டார்.

1976-இல் 'அன்னக்கிளி' ரெக்கார்டை என் கடைக்குக் கொண்டுவந்தபோது, இசையமைப்பாளர் பெயர் புதுசாக இருக்கிறதே, நாலு தட்டு போதும் என்றேன். "ஜானகியம்மா பாட்டு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக் கதவத் திறந்து வைங்க, பிறகு எண்ணிக்கை சொல்லுங்க" என்றார். போட்டேன். இளையராஜா யாரென்று தெரியாத ஜனம் கடை வாசலில் நின்றது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கமிஷனுக்காக வந்தது இல்லை.

எண்பதுகளில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. வெற்று கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் சாயங்காலம் பதிந்து தந்துவிடுவார்கள். என் எல்.பி. இசைத்தட்டு வியாபாரம் படுத்தது. 1984-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியும் எங்கள் பக்கம் ஒன்றும் குறையவில்லை. அந்த நேரத்தில் அண்ணாச்சி ஒரு ரெக்கார்டிங் சென்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த லிஸ்டுகளைத் தன் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைக்கு வந்தபோது கேட்டேவிட்டேன். "ஒரு மனுசன் தனக்குப் பிடிச்ச பாட்ட வரிசையா தன் கையால எழுதித் தாரான். இத விடப் பெரிய தகவல் எனக்கு எங்க கிடைக்கும்?" என்றார். அவர் வேலைக்கு அது சரி. என் கடைக்கு அது சரியில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் நான் கடையை மூடிய அன்று, மிச்சத் தட்டுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, மூட்டை கட்டி லாரியில் ஏற்றும் வரை கூட நின்றவர் அவர்தான்.

பாளையங்கோட்டை, இசைத்தட்டு சேகரிப்பவன்

கடைசிக் காலத்தில் அவரை அடிக்கடி பார்த்தவர்களில் நானும் ஒருவன். அவர் வைத்திருந்த நோட்டுகளைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்; பக்கம் பக்கமாகப் படம் எடுக்க அனுமதி தந்திருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த வருஷம் எந்தப் பாட்டு தேய்ந்தது என்ற கணக்கு முழுக்க அதில் இருக்கிறது. சினிமா சாராத பக்திப் பாட்டுகள், நாட்டுப்பாட்டுகள் பலவும் அதில் குறிப்பாக மட்டும் இருக்கின்றன. தட்டுகள் அவரிடம் இல்லை. பழைய மைக்செட் பெட்டி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தெரிவியுங்கள். நானே வந்து பதிவு செய்து, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அதுவரை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். தூசியாக இருந்தால் மென்மையான துணி போதும். 78 தட்டை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். இது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.