கார்பன் தகட்டு ஷூவும் என் 27 வினாடிகளும்

எனக்கு 46 வயது, ஊர் நாகர்கோவில். ஐந்து ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஓடுகிறேன். பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடிப்பேன். என்னைப் போன்ற ஓட்டக்காரருக்கு, அடிப்பகுதிக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூ வேகம் தருமா என்ற கேள்வி அடிக்கடி எழுவதால், ஆறு மாதம் அணிந்து பார்த்த அனுபவத்தை எழுதுகிறேன்.

வாங்கிய அன்று, பழைய ஷூவை வளைப்பதுபோல் அதையும் இரு கைகளாலும் வளைத்துப் பார்த்தேன். முன்பகுதி மடங்கவே இல்லை. அணிந்து நின்றபோது குதிகால் மெத்தென்று அமிழ, உடல் தானாகவே முன்னோக்கிச் சாய்ந்தது. அந்தச் சாய்வையே வேகம் என்று நம்பிவிடத் தோன்றும். ஆகவே அண்ணா விளையாட்டரங்கத்தில், இதயத் துடிப்பை 145-ஐ ஒட்டி வைத்துக்கொண்டு, நான்கு காலைகளில் இரண்டு ஷூக்களையும் மாற்றி மாற்றி அணிந்து 5 கிலோமீட்டர் ஓடினேன். பழைய ஷூவில் 29:10, 29:24. தகட்டு ஷூவில் 28:41, 28:58. சராசரியில் 27 வினாடி குறைந்தது, அதாவது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. முந்தைய இரவின் தூக்கமும், எந்த ஷூவை அணிந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருந்ததும் அதில் கலந்திருக்கக்கூடும்.

இத்தகைய ஷூவால் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லும் நான்கு விழுக்காடு, 2017-இல் வெளியான ஆய்வில் 18 ஓட்டக்காரர்கள் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது நைக்கியின் முன்மாதிரி ஷூ மிச்சப்படுத்திய ஆற்றலின் அளவு. அந்த அளவுக்கு நேரம் குறையும் என்று பொருளில்லை. நாமோ மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஓடுகிறோம். 2023-இல் வந்த ஆய்வில் 12 கிலோமீட்டர் வேகத்தில் சேமிப்பு 1.4 விழுக்காடாகவும், 10 கிலோமீட்டரில் 0.9 விழுக்காடாகவும் சுருங்கியது. சிலருக்கு ஆற்றல் கூடுதலாகவே செலவானது. வேறொரு ஆய்வில் தகட்டின் குறுக்கே வெட்டுகள் இட்டு அதன் விறைப்பைக் குறைத்துப் பார்த்தபோதும் ஆற்றல் செலவு பெரிதாக மாறவில்லை என்பதால், பலன் பெரும்பாலும் காலடியில் மெத்தையாக இருக்கும் ஃபோமிலிருந்தே வருகிறது என்று நான் கருதுகிறேன். அதே வகை ஃபோம் உள்ள, தகடில்லாத ஷூ குறைந்த விலையில் கிடைத்தால் நம் வேகத்துக்கு அதுவே போதும்.

எனக்கு உண்மையான பலன் மறுநாள்தான் தெரிந்தது. ஞாயிறன்று சங்குத்துறைக் கடற்கரை வரை போய்த் திரும்பினால், திங்கள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; இந்த ஷூவில் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதே சாலையில், எதிரே பேருந்து வரும்போது மணல் படிந்த ஓரத்துக்கு இறங்கினால், உயரமான அந்த மெத்தை பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலை உலுக்குகிறது. இதனால் சாலையில் அணிவதை நிறுத்திவிட்டேன்.

மறுமொழி (தக்கலையிலிருந்து):

அண்ணன் சொல்லும் கணுக்கால் சிக்கல் எனக்கும் நேர்ந்தது. பத்மநாபபுரம் பக்கம் மழை ஓய்ந்த காலையில் இறக்கத்தில் திரும்பும்போது வலது கால் பிசகி, மூன்று வாரம் ஓட முடியாமல் இருந்தேன். ஆனால் நான் 5 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் ஓடுகிறவள். அரை மாரத்தானில் என் நேரம் 1:47-இலிருந்து 1:44-க்கு இறங்கியது. அந்த மூன்று நிமிடமும் ஷூவால் மட்டும் வந்ததென்று சொல்ல மாட்டேன், ஏனெனில் அந்தப் பருவத்தில் பயிற்சியையும் கூட்டியிருந்தேன். இப்போது பந்தயத்துக்கும், அதற்கு முந்தைய இரண்டு நீண்ட ஓட்டங்களுக்கும் மட்டுமே அதை எடுக்கிறேன். அண்ணன் விளையாட்டரங்கத்தில் செய்த சோதனையை, கிலோமீட்டருக்கு ஐந்து நிமிட வேகத்தில் நானும் செய்துவிட்டு, நேரங்களை இங்கேயே எழுதுகிறேன்.