வணிக வேட்டைக்கு எதிரான பரப்புரை: யாரிடம், எதைச் சொல்வது?

தளிர்:

அனைவருக்கும் வணக்கம். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் விற்பனைக்காக வேட்டையாடுவதை எதிர்த்து, நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஆறு மாதங்களாகப் பரப்புரை செய்து வருகிறோம். எங்களில் யாரும் விலங்கியல் படித்தவர் அல்லர். தொடக்கத்தில் எங்களுக்கு ஒரே வழிதான் தெரிந்திருந்தது. கொடுமையைக் கண்ணால் பார்த்தால் மக்கள் மனம் மாறிவிடும் என்று நம்பி, தோலுரித்த நரி, செதில் பிடுங்கிய அழுங்கு (எறும்புத்தின்னி), முகம் வெட்டப்பட்ட யானை என்று நாளுக்கு ஒரு படமாக வெளியிட்டோம். முதல் வாரம் பலரும் பகிர்ந்தார்கள். மூன்றாம் வாரம் பின்தொடர்ந்தவர்களே விலகத் தொடங்கினார்கள். "காலையில் கைப்பேசியைத் திறந்தால் இரத்தத்தில்தான் விழிக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இப்போது குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது. வேட்டையாடுபவர்களுக்குக் கடும் தண்டனை கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். அவர்கள் வறியவர்கள், எய்தவன் இருக்க அம்பை நோவது என்ன நியாயம் என்கிறார் இன்னொருவர். வாங்குபவர்களிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், தந்தமோ கொம்போ வாங்குகிறவர் எங்கள் சுவரொட்டியைப் படித்துவிட்டா திருந்தப் போகிறார் என்ற ஐயமும் இருக்கிறது. இத்தகைய பரப்புரை உண்மையிலேயே எங்காவது வென்றிருக்கிறதா, வென்றிருந்தால் எதைச் சொல்லி வென்றது என்று அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பழஞ்சுவடி:

வென்றிருக்கிறது. வாங்குபவர்களிடம் பேசித்தான் வென்றிருக்கிறது. நீங்கள் ஐயப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளில் பறவைச் சிறகு வைப்பது பெரும் நாகரிகமாக இருந்தது. எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது வெண்கொக்கின் மெல்லிய அலங்கார இறகு. எடைக்கு எடை பார்த்தால் தங்கத்தையே மிஞ்சிய காலமும் உண்டு. அந்த இறகு இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே வேட்டைக்காரர்கள் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடங்களுக்கே சென்று சுட்டார்கள். குஞ்சுகளை விட்டுப் பறக்க மனமில்லாத பறவைகளைச் சுடுவது எளிது. தாயும் தந்தையும் இறந்தபின் கூட்டிலிருந்த குஞ்சுகள் பட்டினியில் செத்தன. ஒரு தொப்பிக்குப் பின்னால் ஒரு பறவை அன்று, ஒரு குடும்பமே அழிந்தது.

1889-இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சனும், 1896-இல் பாஸ்டனில் ஹேரியட் ஹெமன்வே, மின்னா ஹால் ஆகியோரும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்கள் வேட்டைக்காரர்களைத் தேடிப் போகவில்லை. தொப்பி அணியும் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, இறகு வைத்த தொப்பியை இனி அணிவதில்லை என்று உறுதி வாங்கினார்கள். நாகரிகம் என்று இருந்தது மெல்ல மெல்லக் கூச்சத்துக்குரியதாக மாறிய பிறகே சட்டங்கள் வலுப்பெற்றன. 1918-இல் அமெரிக்காவில் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டமும், 1921-இல் பிரிட்டனில் சிறகு இறக்குமதித் தடையும் வந்தன. இடையில், 1905-இல், புளோரிடாவில் பறவைகளுக்குக் காவல் நின்ற கை பிராட்லி சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தேநீர் விருந்துகளால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்கள் எதை உடைத்தார்கள்? சிறகு வணிகர்கள் ஒரு பொய்யைப் பரப்பியிருந்தார்கள்: இவை பறவைகள் தாமாக உதிர்த்த இறகுகள், நாங்கள் பொறுக்கி எடுத்தோம் என்பது. வாங்குபவருக்கு அந்தப் பொய் தேவையாக இருந்தது, அது அவரை உறங்க விட்டது. இந்தப் பொய்யை அதன்பின் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! திபெத்திய மலைவெளியில் வாழும் சீரு என்னும் மானைக் கொன்று உரித்த தோலிலிருந்துதான் ஷாதூஷ் சால்வைக்கு மயிர் எடுக்கப்படுகிறது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து விலங்குகள் தேவை. ஆனால் கடையில் அதை விற்றவர்கள், புதர்களில் சிக்கி உதிர்ந்த மயிரைப் பொறுக்கி நெய்தது என்றார்கள். தந்தத்தின் கதையும் இதுவே. சீனாவில் தந்தம் வாங்கியவர்களில் பலர் அது பல் விழுவதுபோல் தானே விழும் என்று நம்பியிருந்தார்கள். அங்கே தந்தத்தைக் குறிக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'யானைப் பல்'. நாம் சிரிக்க வேண்டாம்; நாம் புழங்கும் 'தந்தம்' என்ற வடசொல்லுக்கும் பொருள் பல்தான்.

என்னைக் கேட்டால், இரத்தப் படங்களை நிறுத்திவிட்டு இந்த ஒரு பொய்யைப் பிடியுங்கள் என்பேன்.

ஒற்றையடிப்பாதை:

மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் காட்டுக்குள் நடப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. காவலர்களுடன் தன்னார்வலராகச் சென்று சுருக்குக் கண்ணிகளை அகற்றுவது என் வழக்கம். துப்பாக்கி வேட்டையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நான் கண்ட அளவில் அதிகம் கொல்வது கம்பிதான்.

இருசக்கர வண்டியின் பிரேக் கம்பி ஒன்று போதும். ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை வளையமாக்கி, விலங்குகள் தண்ணீருக்குப் போகும் தடத்தில் தொங்கவிடுவார்கள். பளபளப்புத் தெரியாமலிருக்கக் கம்பியைத் தீயில் வாட்டிக் கருக்கியிருப்பார்கள். ஒருமுறை ஒரு மான் சிக்கியிருந்த இடத்தைப் பார்த்தோம். மான் இறந்திருந்தது. கம்பி எட்டிய தொலைவு வரை வட்டமாக ஒரு தாள் புல்கூட இல்லை. அதற்கு அப்பால் ஒரு சாண் தள்ளிப் பச்சைப் பசேலென்று புல் நின்றது. எத்தனை நாள் அது அங்கே உயிரோடு நின்றிருக்கும் என்று அந்த வட்டமே சொல்லிவிட்டது. கண்ணி வைத்தவர் திரும்பியே வரவில்லை. வைத்த இடங்களை எல்லாம் அவர் நினைவில் வைத்திருப்பதும் இல்லை. வளையத்தில் யார் தலை நுழையும் என்பதும் கண்ணிக்குத் தெரியாது.

வதையும் இன அழிவும் வேறு வேறு சிக்கல்கள் என்று சிலர் சொல்வார்கள். ஏட்டில் அது சரிதான்: முன்னது ஓர் உயிரின் வலி, பின்னது ஓர் இனத்தின் எண்ணிக்கை. கண்ணிக்கு முன் நிற்கும்போது அந்தப் பிரிவினை எனக்குப் புலப்படுவதில்லை.

வேட்டைக்காரரைப் பற்றி: பிடிபட்டவர்களுடன் பேசியிருக்கிறேன். அவர்களுக்குக் கிடைக்கும் காசு, சரக்கு கைமாறிக் கைமாறிக் கடைசியில் போகும் விலையில் தூசு. ஒருவர் சிறைக்குப் போனால் தரகர் அடுத்த வாரமே வேறொருவரைப் பிடித்துவிடுகிறார். எனவே தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; தண்டனை தரகரையும் மொத்த வியாபாரியையும் எட்டாதவரை அதற்காகக் கையெழுத்து வாங்குவது வீண் வேலை.

இன்னொரு எச்சரிக்கை. பரப்புரை தவறான ஆளையும் அடித்துவிடும். வெள்ளை ரோமம் கொண்ட கடல்நாய்க் குட்டிகளை அடித்துக் கொல்லும் காட்சிகள் உலகை உலுக்கியதன் விளைவாக, 1983-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அவற்றின் தோலுக்கு இறக்குமதித் தடை விதித்தது. 1987-இல் கனடாவும் அந்தக் குட்டிகளின் வணிக வேட்டையை நிறுத்தியது. மாபெரும் வெற்றிதான். ஆனால் குட்டிகளைத் தொடாத, வளர்ந்த கடல்நாயை உணவுக்காகப் பிடித்து அதன் தோலை மட்டும் விற்றுவந்த, வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூயிட் மக்களுக்கு அந்தத் தடையில் விலக்கு இருந்தும், தோலுக்குச் சந்தையே இல்லாமல் போயிற்று. கடல்நாய்த் தோல் என்றாலே முகம் சுளித்த வாங்குபவர் வேறுபாடு பார்க்கவில்லை. கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் கனடாப் பிரிவு 2014-இல் இதற்காக அம்மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பிழைப்புக்கான வேட்டைக்கும் வணிக வேட்டைக்கும் நடுவே கோடு கிழித்துவிட்டு எழுதுங்கள்.

எதிர்க்கரை:

எல்லாரும் ஒரே திசையில் பேசுவதால் ஓர் எதிர்வாதம். முழுத் தடையே தீர்வு என்று தளிரின் குழு முடிவு செய்துவிட வேண்டாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும், ஒட்டகக் குடும்பத்து விலங்கான விகுன்யா அதன் மயிருக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டு வந்தது. 1960-களில் சில ஆயிரங்களே மிஞ்சியிருந்தன. இன்று இலட்சக்கணக்கில் இருக்கின்றன. வேட்டைக்குத் தடை விதித்துக் காத்தபின், உயிருள்ள விலங்கிலிருந்து கத்தரித்த மயிரை மட்டும் விற்க இசைவு தந்தார்கள். மலைவாழ் மக்கள் நீண்ட கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக நடந்து மந்தையை அடைப்புக்குள் ஓட்டி, மயிரைக் கத்தரித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். விலங்கு உயிரோடு இருப்பதில் ஊராருக்கு ஆதாயம் இருந்தால் அவர்களே காவல் காப்பார்கள். கட்டுப்படுத்தப்பட்ட வணிகம் காப்பாற்றவும் செய்யும்.

பழஞ்சுவடி:

எதிர்க்கரை சொன்ன எடுத்துக்காட்டு சரியானது. ஆனால் அது விகுன்யாவுக்குப் பொருந்துவதற்குக் காரணம், அங்கே பொருளை எடுக்க விலங்கு சாக வேண்டியதில்லை என்பதே. செத்தால்தான் சரக்கு என்னும் இடத்தில் கட்டுப்பாடு எப்படி நடந்தது என்று பாருங்கள்.

திமிங்கல வேட்டைக்கு 1946-லேயே பன்னாட்டு உடன்படிக்கை இருந்தது, ஒதுக்கீட்டு அளவும் இருந்தது. அந்தக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த காலத்திலேயே சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்களைக் கொன்றன என்பது 1990-களில்தான் வெளிவந்தது. வணிக வேட்டையை நிறுத்தி வைக்க 1982-இல் முடிவெடுத்து, 1986 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். கூன்முதுகுத் திமிங்கலம் போன்றவை தம்மீதான வேட்டை நின்ற பிறகே பல கடல்களில் மீண்டு வந்தன. (ஜப்பான் 2019-இல் பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஆணையத்திலிருந்தே விலகிக்கொண்டு வணிக வேட்டையை மீண்டும் தொடங்கிவிட்டது என்பது தனிக்கதை.)

தந்தத்துக்கு 1989-இல் பன்னாட்டு வணிகத் தடை முடிவாயிற்று. 2008-இல் ஆப்பிரிக்க நாடுகள் நான்கு, இருப்பிலிருந்த ஏறத்தாழ நூறு டன் தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் ஒருமுறை மட்டும் விற்க இசைவு கிடைத்தது. சட்டப்படியான சரக்கு கடையில் இருக்கும்போது கள்ளச் சரக்குக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. செதுக்கி முடித்த தந்தச் சிலையைப் பார்த்து, இது எந்த ஆண்டு செத்த யானை என்று யாரால் சொல்ல முடியும்? அந்த விற்பனைதான் அடுத்து வந்த வேட்டைப் பெருக்கத்துக்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சச்சரவு உண்டு. சந்தைக்குள் பொய் சொல்வது எளிதாயிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. 2017 இறுதியில் சீனா தன் உள்நாட்டுத் தந்தச் சந்தையை மூடியது.

ஒற்றையடிப்பாதை:

படங்களைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. இரத்தப் படத்தைவிட 'அழகான' காணொளிகள் சில நேரம் கூடுதல் கேடு செய்கின்றன. தேவாங்கின் உறவான ஒரு சிறு விலங்கைக் கிச்சுகிச்சு மூட்டும்போது அது கைகளைத் தூக்கிக்கொண்டு மகிழ்வதுபோல் தெரியும் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது மகிழ்ச்சி இல்லை. அச்சத்தில், முழங்கையின் உட்பக்கமுள்ள நச்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி அது கையை உயர்த்துகிறது. விற்பதற்கு முன் அதன் பற்களைப் பெரும்பாலும் மயக்க மருந்தின்றி வெட்டிவிடுகிறார்கள். அந்தக் காணொளியைப் பகிர்ந்த ஒவ்வொருவரும் அறியாமலேயே ஒரு விளம்பரம் செய்தார்கள். கண்டிப்பதற்காகப் பகிர்ந்தாலும் அதே விளம்பரம்தான். விற்பனைப் பதிவு கண்ணில் பட்டால் கீழே கோபமாக எழுதாதீர்கள். திரையைப் படம் பிடித்து உரிய அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். அரிய விலங்கைப் படம் எடுத்தால் இடத்தைக் குறிப்பிடாதீர்கள், வேட்டைக்காரரும் அதைப் படிக்கிறார்.

தளிர்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். கையெழுத்து இயக்கத்தை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டோம். முதல் சுவரொட்டியில் இரத்தம் இல்லை. வெறும் யானையின் பக்கவாட்டுத் தோற்றம், தந்தம் எவ்வளவு தூரம் மண்டைக்குள் புதைந்திருக்கிறது என்று காட்டும் கோட்டோவியம். கீழே இந்த வரிகள்: "இது உதிர்ந்தது அன்று. தந்தத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. யானை சாகாமல் இது கைக்கு வராது." அடுத்ததாக அழுங்கின் செதிலைப் பற்றி எழுதுகிறோம்: "இது மருந்து அன்று, நகம்." பிழை இருந்தால் திருத்துங்கள்.

பழஞ்சுவடி:

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள். 'மூன்றில் ஒரு பங்கு' என்பதை 'மூன்றில் ஒரு பங்கு வரை' என்று மாற்றுங்கள். எல்லா யானைக்கும் அளவு ஒன்றாக இராது. 'யானை சாகாமல்' என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. முனை ஒடிந்து விழுவதும், வளர்ப்பு யானைக்கு நுனியை அறுப்பதும் நடப்பவை. தந்த வணிகர் அந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொள்வார். "முழுத் தந்தம் யானை சாகாமல் கைக்கு வராது" என்று எழுதுங்கள்.

செதில் வரியைத் தொடாதீர்கள். நகத்திலுள்ள அதே கெரட்டின் என்னும் புரதம்தான் செதிலும்.