புதுப்பிப்பு: 3.2 நாள் சரிவு, கோள் மாதிரி தெரியவில்லை

முந்தைய பதிவின் சுருக்கம்: கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் 2 நிமிடத் தரவில் ஒரு விண்மீனின் ஒளி 3.2 நாளுக்கு ஒருமுறை 0.07% குறைகிறது, பிஎல்எஸ் (சீரான இடைவெளியில் வரும் பெட்டி வடிவச் சரிவுகளைத் தேடும் நிரல்) தேடலில் சிக்கியது.

முதலில் ஒரு திருத்தம். விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து நீக்க அங்கே கொடுத்த 5 மணி நேரச் சாளரம் தவறு. சரிவே 3 மணி நேரம் நீடிக்கிறது. அவ்வளவு குறுகிய சாளரம் விண்மீனின் ஏற்ற இறக்கத்தோடு சரிவையும் சேர்த்து விழுங்கிவிடும். சரிவுப் புள்ளிகளைச் சமன்செய்யும் கணக்கில் சேர்க்காமல் விட்டு, சாளரத்தை 12 மணி நேரமாக்கினால் ஆழம் 0.1%. கோள் என்றால் இதன் வர்க்கமூலம் 0.032தான் கோள், விண்மீன் ஆரங்களின் விகிதம், சூரியன் அளவு விண்மீனுக்கு இது பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 3.5 மடங்கு. ஆசைகாட்டும் எண்தான்.

ஆனால் தரவை இரு மடங்கு காலமான 6.4 நாள் துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் குட்டு வெளிப்படுகிறது. ஒற்றைப்படைச் சரிவுகள் 0.12%, இரட்டைப்படை 0.08%, பிழை வரம்பு 0.01% கூட இல்லை. கோள் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்கணும். இது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன். மாறி மாறி வரும் முதன்மை, துணை மறைப்புகளை நிரல் பாதிக் காலத்தில் ஒரே சரிவாக மடித்துவிட்டது. பிஎல்எஸ்ஸின் பழைய வியாதி இது.

இரட்டை எங்கே இருக்கிறது? சரிவுக்கு வெளியே உள்ள படங்களின் சராசரியிலிருந்து சரிவின்போதான சராசரியைக் கழித்தால், வெளிச்சப் புள்ளி நம் விண்மீனில் இல்லை, ஒரு பிக்சல் தள்ளி விழுகிறது. டெஸ் பிக்சல் ஒன்று வானில் 21 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) அகலம். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம். அங்கே நம்முடையதைவிட 4 மேக்னிட்யூட் (ஒளிர்வு அளவு) மங்கலான விண்மீன் ஒன்று கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் இருக்கிறது. அதன் ஒளி நம்முடையதில் 40-இல் ஒரு பங்கு, ஆக 4% மறைப்பு நீர்த்துப்போய் இங்கே 0.1% ஆகிறது. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.