16 யூத விருந்தினர், ஒரு ஷபாத், ஹனுக்காவின் முதல் இரவு: விடுதியில் என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

பெசன்ட்நகர் மேனேஜர்:
வணக்கம். பெசன்ட் நகரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டைப் பார்த்துக்கொள்கிறேன். 2026 டிசம்பர் 3 வியாழன் இரவு முதல் 7 திங்கள் மதியம் வரை 5 யூதக் குடும்பங்கள், மொத்தம் 16 பேர், தங்க வருகிறார்கள். தங்கள் ஊர் சினகாக்கில் (யூத வழிபாட்டுக்கூடம்) வாராவாரம் நடப்பதை இங்கேயும் விடாமல் நடத்துவார்களாம். அனுப்பிய நிரல் இது: வெள்ளி 6.45 காலை வழிபாடு, 4.15 மின்ஹா (பிற்பகல் வழிபாடு), அதன்பின் ஹனுக்கா (எட்டு நாள் விளக்குத் திருவிழா) விளக்கு, 5.23 ஷபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாள்) விளக்கு, கிடுஷ் (ஒயின் கிண்ணத்தின் மேல் சொல்லும் ஆசி), இரவுச் சாப்பாடு. சனி 8.30 தோரா (வேதச் சுருள்) வாசிப்பு, பகல் சாப்பாடு, சாயங்காலம் மூன்றாவது சாப்பாடு, இருட்டியதும் ஹவ்தாலா (ஷபாத்தை முடித்துவைக்கும் சடங்கு). ஞாயிறு பெரியவர்களுக்கு வகுப்பு, பிள்ளைகளுக்கு ஹனுக்கா விளையாட்டு, பலகாரம். திங்கள் காலை மறுபடி தோரா வாசிப்பு, பிறகு ஏர்போர்ட்.
எங்கள் கிச்சன் சுத்த சைவம், அது போதுமா? கரண்ட் விஷயத்தில் ஏதோ கட்டுப்பாடு என்கிறார்கள், அது என்ன? சென்னையிலேயே சினகாக் இருந்தால் அங்கே வேன் ஏற்பாடு செய்யலாமா?

கூவம்கரை:
முதல்ல கடிகாரத்தைப் பிடிச்சுக்குங்க சார். டிசம்பர் 4 அன்று சென்னையில் சூரியன் மறைவது 5.41. அதற்கு 18 நிமிடம் முன்னால் ஷபாத் விளக்கு, அதுதான் அந்த 5.23. அங்கிருந்து சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, அதாவது 6.20 வாக்கில் வரை, சுவிட்ச் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், பணம் எடுக்க மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள். வேன் கேள்விக்கும் பதில் அதிலேயே வந்துவிட்டது.

கையெழுத்து விஷயத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டவர் படிவம், பாஸ்போர்ட் நகல், பில், கேட்டில் செக்யூரிட்டி நீட்டும் ரிஜிஸ்டர் எல்லாம் வெள்ளி மதியத்துக்குள் முடியணும். சனிக்கிழமை கடற்கரைக்கு நடந்துவிட்டு வருபவரிடம் வாட்ச்மேன் பேனாவை நீட்டினால் ரெண்டு பேருக்கும் தர்மசங்கடம். கையில் சாவிகூட எடுத்துப்போக மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே பொருள் சுமப்பதும் கூடாது. ஆகவே சாவியை ரிசப்ஷனில் வாங்கி வைத்து, ஆள் வந்ததும் நீங்களே திறந்துவிடுங்கள்.

கார்டு தேய்த்துத் திறக்கும் பூட்டாக இருந்தால் சாதாரண சாவிப் பூட்டு உள்ள ஃபிளாட்டாக மாற்றிக் கொடுங்கள். வராந்தாவில் ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கை அந்த 25 மணி நேரமும் நிரந்தரமாக எரியவிடுங்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் எரியும் பல்பைக் கழற்றிவிடணும், எல்.இ.டி. என்றால் கதவு சுவிட்சின் மேல் டேப் ஒட்டணும். கீசரை வெள்ளி 5 மணிக்கே அணைத்துவிடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே புதுத் தண்ணீர் போய்ச் சூடாகும், அதுவும் சமைத்த கணக்கில் சேரும். டாய்லெட் பேப்பரைக் கிழிப்பதும் கூடாதென்பதால் பெட்டியில் வரும் டிஷ்யூ வையுங்கள்.

பலர் நினைப்பது போல, 'நம்ம பையன் போய் சுவிட்சைப் போட்டுடுவான்' என்பதும் சரிவராது. யூதரல்லாதவரிடம் அன்றைக்கு நேரடியாகச் சொல்லி வேலை வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்காகவே நீங்கள் விளக்குப் போட்டாலும் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தத் தயங்குவார்கள். எல்லாம் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கணும், அல்லது டைமரில் இருக்கணும்.

டிசம்பர் மழையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் சில ஏசி அணைந்தபடியே நின்றுவிடும். ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்கிறதா என்று வியாழக்கிழமையே மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். லிஃப்டிலும் ஏற மாட்டார்கள் என்பதால் வயதானவர்களுக்குக் கீழ்த்தளம்.

இலைச்சாப்பாடு:
சுத்த சைவம் போதாது சார். பாதி வேலைதான் குறையும்.

உங்கள் கிச்சனில் சீஸ் இருந்தால் அதைக் கெட்டிப்படுத்தியது கன்றுக்குட்டி வயிற்று ரென்னெட்டா என்று பார்ப்பார்கள். திராட்சையில் செய்த வினிகர், ஒயின் இரண்டும் பிரச்சினை. பூச்சி அதைவிடப் பெரிய பிரச்சினை. கண்ணுக்குத் தெரியும் புழு பூச்சி ஒன்றுகூட வயிற்றுக்குள் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் சோதித்து முடிக்கவே மணிக்கணக்காகும். மெனுவில் அவற்றை எடுத்துவிட்டு உருளை, கேரட், பீட்ரூட், சுரைக்காய், பூசணி, வெள்ளரி என்று தோல் சீவும் காய்களாகக் கொடுங்கள். மைதாவைச் சலித்து வையுங்கள். அரிசி பருப்பை வெள்ளைத் தாம்பாளத்தில் பரப்பிப் பார்க்கட்டும்.

பாத்திரம்: பழையது வேண்டாம், முன்பு ஏறிய ருசி உலோகத்துக்குள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. புது எவர்சில்வர் வாங்குங்கள், ஆனால் விடுதியின் பெயரிலேயே வாங்கி அவர்களுக்கு இரவலாகக் கொடுங்கள். யூதர் சொந்தமாக வாங்கும் புது உலோக, கண்ணாடிப் பாத்திரத்தை இயற்கை நீரில் முக்கி எடுத்த பிறகுதான் புழங்கலாம். இரவல் வாங்கியதற்கு அது தேவையில்லை. சொந்தமாக வாங்கத்தான் செய்வோம் என்றால் கடலும் செல்லும், எலியட்ஸ் பீச் பக்கத்திலேயே இருக்கிறது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரையும் பசையையும் சுரண்டிவிட்டு முக்கணும். இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பதால் இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட், பிடியில் இரண்டு நிற டேப். ஓவனைப் பயன்படுத்தினால் ஃபாயிலை இரண்டு சுற்றுச் சுற்றி வைப்பார்கள்.

அடுப்பை யார் பற்றவைப்பது என்பது முக்கியம். காய் நறுக்குவது, கிளறுவது உங்கள் சமையல்காரர் செய்யலாம். தீயை அவர்களில் ஒருவர் பற்றவைக்கணும், சிலர் பாத்திரத்தையும் தாங்களே ஏற்றுவார்கள். நடுவில் அடுப்பு அணைந்துபோனால் பையன் லைட்டரைத் தட்டிவிடக் கூடாது, கூப்பிடணும். பற்றவைத்து வைத்த ஒரு பைலட் தீ நாள் முழுக்க இருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

மீன் கேட்டால் செதிலும் துடுப்பும் உள்ளதுதான். சங்கரா, கொடுவா சுலபம், செதில் கண்ணுக்குத் தெரியும். சுறா, திருக்கை, வாளை, கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு, கணவாய் எதுவும் ஆகாது. முழு மீனாக, செதிலோடு வாங்கி வாருங்கள். காசிமேட்டில் வெட்டித் தரச் சொன்னால் இறாலை அரிந்த அதே கத்தி இதிலும் படும்.

சனிக்கிழமைச் சூட்டுக்கு: சமையல் முழுதும் வெள்ளி 5 மணிக்குள் முடியணும். ரெகுலேட்டர் இல்லாத ஹாட் பிளேட் ஒன்று, அல்லது குறைந்த தீயை மூடிய தகடு. அதன் மேல் பாத்திரம் ராத்திரி முழுக்க இருக்கும், பீன்ஸும் பார்லியும் போட்ட கூட்டு காலையில் குழைந்து நிற்கும். டீக்குத் தண்ணீர் அர்னில் (குழாய் வைத்த மின்சார வெந்நீர்ப் பாத்திரம்) முன்னாலேயே கொதித்திருக்கணும். ஷபாத்தில் அதில் தண்ணீர் சேர்க்க முடியாது, 16 பேருக்கு 15 லிட்டர் அர்ன் வாங்கிவிடுங்கள்.

ஒயின் பாட்டிலை உங்கள் ஆட்கள் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம். ஒயின் கிடைக்காமல் போனால் பதறவும் வேண்டாம். மகாராஷ்டிரத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்திலேயே கிடுஷ் சொல்வது வழக்கம். கருப்பு உலர்திராட்சை ஒரு கிலோ வாங்கி வையுங்கள், முடிவு அவர்களுடையது.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வாய் அகன்ற செம்பு நாலு. மூக்கு வைத்த கெண்டி வேண்டாம், விளிம்பிலிருந்துதான் ஊற்றணும். கை கழுவிவிட்டு ரொட்டி பிய்க்கும்வரை பேச மாட்டார்கள், அந்த நேரத்தில் 'சாம்பார் வேணுமா சார்' என்று கேட்காமலிருக்கச் சொல்லுங்கள்.

பெசன்ட்நகர் மேனேஜர்:
மிக்க நன்றி. ஹாலை எப்படி அமைப்பது? அகல் விளக்கு நாங்கள் கொடுக்கலாமா? கார்த்திகைக்கு வாங்கிய பழைய அகல் ஸ்டோரில் நிறைய இருக்கிறது.

எண்ணெய்த்திரி:
பழைய அகல் வேண்டவே வேண்டாம். மெருகிடாத மண் விளக்கு ஒரு தடவை எரிந்துவிட்டால் அடுத்த இரவுக்குப் பழசு, அழுக்கு என்பது அவர்கள் நூல்படி விதி. புது அகலே கொடுங்கள், இல்லாவிட்டால் துடைத்துத் திரும்ப ஏற்றத்தக்க சிறு கண்ணாடிக் கிண்ணம்.

எண்ணிக்கை: முதல் இரவு ஒன்று, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் மூன்று, இப்படி எட்டு வரை. ஒவ்வொரு இரவும் ஏற்றிவைக்கும் 'ஷமாஷ்' விளக்கு ஒன்று கூடுதல். எட்டு நாளுக்கு 44. உங்களிடம் இருக்கும் மூன்று இரவுக்கு ஒரு செட்டுக்கு 9. குடும்பத்துக்கு ஒரு செட்டா, ஆளுக்கு ஒன்றா என்பது வழக்கத்தைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து செட் என்றால் 45, ஆளுக்கு ஒன்று என்றால் 144.

வெள்ளிக்கிழமையில்தான் தப்பு நடக்கும். ஹனுக்கா விளக்கை ஷபாத் விளக்குக்கு முன்பே ஏற்றியாகணும், அதே நேரம் நட்சத்திரம் தோன்றி அரை மணி வரை எரியவும் வேண்டும். 5.15க்கு ஏற்றினால் 6.50 வரை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். கடையில் விற்கும் சின்ன வண்ண மெழுகுவர்த்தி அரை மணியில் முடிந்துவிடும். எண்ணெய்தான் தோது. ஆலிவ் எண்ணெய் சிறப்பு, நல்லெண்ணெயும் ஆகும். வியாழன் இரவே ஒரு அகலை ஏற்றி நேரம் பாருங்கள். திரி தடித்தால் எண்ணெய் சீக்கிரம் இறங்கும். ரொம்ப முன்னாலும் ஏற்ற முடியாது, அன்றைய கணக்கில் 4.30க்கு மேல்தான்.

ஒரே மட்டத்தில், நேர்வரிசையில், சுடர் ஒன்றோடொன்று சேராத இடைவெளியில். வட்டமாக அடுக்கினால் தீவட்டி மாதிரி ஆகிவிடும், செல்லாது. தெருப்பக்க ஜன்னலோரம், தரையிலிருந்து முக்கால் மீட்டருக்குள். எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள், திரைச்சீலையைக் கழற்றிவிடுங்கள். மேலே மின்விசிறி ஓடக்கூடாது, ஏசிக் காற்று நேரே படக்கூடாது. வெள்ளியன்று ஷபாத் விளக்கு ஏற்றிய பிறகு அணைந்தால் திரும்ப ஏற்ற முடியாது. தீ எச்சரிக்கைக் கருவி அந்த அறையில் இருந்தால் என்ன செய்வது என்று உங்கள் டெக்னீஷியனிடம் முதலிலேயே பேசுங்கள். எரியும் தட்டை ஹவுஸ்கீப்பிங் அம்மா அக்கறையோடு நகர்த்தி வைக்காமலிருக்கவும் சொல்லிவையுங்கள்.

ஹவ்தாலாவுக்குப் பல திரி முறுக்கிய மெழுகுவர்த்தி. இல்லாவிட்டால் இரண்டு மெழுகுவர்த்தியின் சுடரைச் சேர்த்துப் பிடிப்பார்கள். வாசனைக்கு ஒரு கிண்ணம் கிராம்பு, ஏலக்காய்.

பவளக்காரத்தெரு:
சென்னையில் வாராவாரம் வழிபாடு நடக்கும் சினகாக் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பவளத்தையும் வைரத்தையும் வைத்து வணிகம் செய்த யூதர்கள் இங்கே இருந்தார்கள். முத்தியால்பேட்டைப் பவளக்காரர் தெருப் பெயரும் லாயிட்ஸ் ரோடு கல்லறையும்தான் மிச்சம். கொச்சி பரதேசி சினகாக் 1568இல் கட்டியது, ஆனால் அங்கேயே தொழுகைக்கு ஆள் சேர்ப்பது சிரமம்.

ஹாலுக்கு: 13 வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் தோராவை வெளியே எடுத்து வாசிக்கலாம், கடீஷ் என்ற துதி சொல்லலாம். பெண்களையும் சேர்த்து எண்ணும் பிரிவும் உண்டு. 16 பேரில் பத்து வருகிறதா என்று இப்போதே கேளுங்கள். வராவிட்டால் சனி 8.30 நிகழ்ச்சியின் வடிவமே மாறும், ஒன்றிரண்டு பேர் குறைந்தால் ஊரில் வேலைக்கு வந்திருக்கும் யூதர்களை அவர்களே தேடிப் பிடிப்பார்கள். அப்படி வருபவருக்கு வெள்ளி இரவு தங்க ஒரு ஃபிளாட் காலியாக இருக்கணும்.

ஜெருசலேம் நமக்கு மேற்கில், கொஞ்சம் வடக்கே சாய்ந்து. மேற்குச் சுவரில் பூட்டுள்ள மர அலமாரி, அதுதான் சுருளுக்கு. நடுவில் நாலுக்கு மூன்றடி மேஜை, வழுக்காத கனத்த துணி. சுருளைத் தரையிலோ நாற்காலியிலோ வைக்கக்கூடாது, கீழே விழுந்தால் உபவாசம் இருக்கும் அளவுக்குப் பெரிய விஷயம். ஆடும் மேஜைக்கால் இருந்தால் இன்றே சரிசெய்யுங்கள். அந்த சனிக்கிழமை ஹனுக்காவும் சேர்வதால் இரண்டு இடத்தில் வாசிப்பார்கள், அதற்கு வழக்கமாக இரண்டு சுருள். ஒன்றே இருந்தால் நடுவில் உருட்டி நகர்த்த நேரமாகும், பகல் சாப்பாட்டை 12.30க்கு மேல் வையுங்கள்.

ஆண், பெண் பகுதிக்கு நடுவே தடுப்பு கேட்டால் ஐந்தடி உயரம், துணி என்றால் கீழேயும் கட்டணும். மைக் வேண்டாம். வெள்ளி இரவுப் பாட்டின் கடைசி அடியில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்புவார்கள், அந்த நேரத்தில் டிராலியோடு உள்ளே நுழையாதீர்கள்.

கூவம்கரை:
ஒன்று விட்டுப்போச்சு. நிகழ்ச்சி நேரத்தை லாபியில் ஒட்டாதீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீங்க. 2008இல் மும்பையின் யூத மையமான நரிமன் ஹவுஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு எந்த யூதக் குழுவும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பதா என்று அவர்கள் பொறுப்பாளரைக் கேட்டு, அவர் சொல்படி செய்யுங்கள்.

இலைச்சாப்பாடு:
ஞாயிறு பலகாரம் எண்ணெயில் பொரித்ததுதான்: உருளைக்கிழங்கு அடை, ஜாம் வைத்த டோனட். அதற்கு ஒரு புதுக் கடாய் தனியாக. உருளையைத் துருவி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்து நன்றாகப் பிழியணும், பிழியாவிட்டால் அடை உதிரும், எண்ணெய் பொங்கும். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கணும். மாவு ஒரு கிலோ 200 கிராமைத் தாண்டிப் பிசைந்தால் ஒரு உருண்டை எடுத்து ஒதுக்குவார்கள், மறதியாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதையும் பொரித்துவிடாதீர்கள்.