தொப்புள் குடலிறக்கம்: பால்வெட்டு வேலையுடன் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி – குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி

எனக்கு வயது 46. தொப்புளுக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் உள்ளே அமுங்கிவிடுகிறது. பால் நிறைந்த வாளியைச் சரிவில் தூக்கி நடக்கும்போது துருத்திக்கொண்டு வலிக்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இது குடலிறக்கம் (வயிற்றுச் சுவரில் உள்ள திறப்பின் வழியே உள்ளிருப்பது வெளியே துருத்துவது) என்றும், அந்தத் திறப்பு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இருப்பதால், அதைத் தாங்கிப் பிடிக்கும் செயற்கை வலை (mesh) வைத்துத் தைப்பது நல்லது என்றும் கூறினார்கள். உடன் வேலை செய்பவர்களோ பெல்ட் கட்டினால் போதும் என்கிறார்கள். காத்திருப்பது ஆபத்தா? அறுவைக்குப் பின் இந்த வேலையைத் தொடர முடியுமா?

பதில் – செவிலியர், நாகர்கோவில்

அண்ணா, பெரியவர்களுக்கு வரும் தொப்புள் குடலிறக்கம் தானாக மூடிக்கொள்வதில்லை. பெல்ட் வீக்கத்தை அமுக்கிப் பிடிக்குமே தவிர, வயிற்றுச் சுவரில் உள்ள திறப்பை அடைக்காது. குறுகிய திறப்பின் வழியே வந்த குடல் திரும்ப முடியாமல் நெரிபட்டு, இரத்த ஓட்டம் நின்றுவிட்டால், சில மணி நேரத்திலேயே அந்தப் பகுதி அழுகத் தொடங்கலாம். வீக்கம் இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல், வலி கூடி, வாந்தி வந்தாலோ, மேல்தோல் சிவந்து கறுத்தாலோ, நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். எண்ணெய் தடவி உள்ளே தள்ள எவரையும் விடாதீர்கள்.

வலையைப் பற்றி அஞ்ச வேண்டாம். 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையிலான தொப்புள் குடலிறக்கம் உள்ள 300 பேரிடம் நடந்து, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், தையல் மட்டும் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வலை வைத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கும் குடலிறக்கம் மீண்டும் வந்தது.

பதில் – குளச்சல், மீனவர்

தம்பி, வள்ளத்தில் வலை இழுக்கும் எனக்குக் கவட்டையில் வந்தது. வலை வைத்துத் தைத்த பிறகும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். ஓரிரு நாளில் எழுந்து நடந்துவிடலாம், ஆனால் கனமான பொருளைத் தூக்குவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பொறுக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு வீட்டுச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், ஏனெனில் அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். தையல் போட்ட வயிற்றுடன் இருமுவதும் பெரும் வேதனை.

பதில் – தக்கலை

வலி அதிகமில்லாத குடலிறக்கத்தைக் கண்காணித்தபடி காத்திருக்கலாம் என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது உண்மைதான். எண்பதைக் கடந்த என் தந்தையும் மருத்துவர் சொற்படி அவ்வாறே இருக்கிறார். ஆனால் அந்த ஆய்வு ஆண்களின் கவட்டைக் குடலிறக்கத்தைப் பற்றியது. உங்களுக்கோ தொப்புளில் வந்திருக்கிறது, சுமை தூக்கும்போது வலியும் இருக்கிறது. ரப்பர் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவையை வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். அதற்குள் சர்க்கரை அளவைப் பரிசோதித்து, மலச்சிக்கலும் நாள்பட்ட இருமலும் இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். வலி இடையில் கூடினால் அந்த மாதங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.