மாம்பூவின் சாம்பல் நோய்க்கு ஓக் மரத்தின் பெயர் ஏன்?

பேரணாம்பட்டு மாந்தோப்பு:
பேரணாம்பட்டுப் பக்கம் எனக்கு நாற்பது மாமரங்கள் இருக்கின்றன. பாதி பெங்களூரா, மீதி நீலம். தை பிறந்து பூக்கொத்து நிமிரும்போது மாவு தூவியது போல வெள்ளை படிகிறது. பிறகு பூ கருகி உதிர்கிறது. என் பழைய பாடநூல் இந்தப் பூஞ்சையை ஓய்டியம் மாஞ்சிஃபெரே என்கிறது. வேளாண்மை படிக்கும் தங்கை மகனோ, “அந்தப் பெயர் போய்விட்டது மாமா, இப்போது எரிசைஃபி குவெர்சிகோலா” என்கிறான். குவெர்கஸ் என்றால் ஓக் மரமாம். பேரணாம்பட்டில் ஏது ஓக்? இன்னொன்று: மரத்தடிப் பூசணிக் கொடியிலும் அதே வெள்ளை. அதிலிருந்துதான் மாமரத்துக்கு ஏறுகிறது, பிடுங்கி எறி என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பிடுங்கவா?

காட்பாடி கண்ணாடிச்சில்லு:
ஐயா, கொடியைப் பிடுங்காதீர்கள். பூசணியில் வருவது பெரும்பாலும் போடோஸ்ஃபீரா சாந்தியை என்ற பூஞ்சை. அது வேறு பேரினம், மாமரத்துக்கு ஏறாது.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சாம்பல் நோய்ப் பூஞ்சைகளின் குடும்பத்தை முன்பெல்லாம் கனியுடலை வைத்துப் பிரித்தார்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய கரும்புள்ளி அது. அதன் மேலுள்ள முடிகளின் வடிவத்தைப் பார்ப்பார்கள். நம் வெயிலில் அந்தப் புள்ளி உருவாவதே அரிது. வெறும் வெள்ளைப் பொடிதான் கிடைக்கும். அதனால் எந்தச் செடியில் இருந்ததோ அந்தச் செடியின் பெயரையே வைத்துவிட்டார்கள். மாமரத்துக்கு ஒன்று, ரப்பர் மரத்துக்கு ஒன்று. 1990களிலிருந்து ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் பகுதியைப் படித்து ஒப்பிடத் தொடங்கினார்கள். மைக்ரோஸ்ஃபீரா, அன்சினுலா என்ற பழைய பேரினங்கள் எரிசைஃபிக்குள் போய்ச் சேர்ந்தன. முடியை நம்பியது தவறு என்று தெரிந்தது. மாவிலும் ரப்பரிலும் எடுத்த பூஞ்சையின் ஐடிஎஸ், ஓக் மரத்துப் பூஞ்சையோடு ஒத்துப்போனது. அதற்கு 2007இல் குவெர்சிகோலா என்று பெயரிட்டார்கள். ஓக்கில் முதலில் அடையாளம் கண்டதால் வந்த பெயர், அவ்வளவுதான். கனியுடல் இல்லாத அந்தப் பொடிப் பருவத்துக்கு, அதாவது பாலிலாப் பருவத்துக்கு, தனிப் பெயர் வைக்கும் வழக்கத்தையும் 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாட்டில் கைவிட்டார்கள்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வளரும், ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. சுரண்டி எடுத்தால் மா இலையின் டிஎன்ஏவும் கூடவே வரும். அதைத் தவிர்ப்பதற்குள் எனக்கு எத்தனை மாதிரிகள் வீணாகியிருக்கின்றன!

ஒடுகத்தூர் மாணவி:
ஒரு சிறு மறுப்பு, அண்ணா. ஐடிஎஸ் ஒன்று என்பதாலேயே இனமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தானியப் பயிர்களில் சாம்பல் நோய் தரும் ப்ளூமேரியா கிராமினிஸை ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த பிறகு 2021இல் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். மாவும் ரப்பரும் நாளைக்குப் பிரியலாம்.

காட்பாடி கண்ணாடிச்சில்லு:
சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பூசணி எந்தக் கணக்கிலும் மாவோடு சேராது. ஐயா, ஒட்டுநாடாவை வெள்ளையின் மேல் அழுத்தி எடுத்து, நீர்த்துளியில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பூசணியில் வித்துகள் சங்கிலியாக நிற்கும், மாம்பூவில் ஒவ்வொன்றாக. பெயர் எதுவானாலும், நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்துக்கு நோய் கட்டுப்படும்; உச்சி வெயிலில் மட்டும் தெளிக்காதீர்கள், பூ கருகும்.

பேரணாம்பட்டு மாந்தோப்பு:
பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் நேற்றுப் பார்த்தேன். பூசணியில் சங்கிலி, மாவில் ஒற்றை. பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் கூட்டிப் போய்க் காட்டினேன். “இரண்டும் வெள்ளைதானே” என்றார். கொடி அப்படியே இருக்கிறது.